கடைசி ஆளின் தோள்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் வரும். இது போன ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாட்டுங்காவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது. அப்போது எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் தூங்கிக்கொண்டும் இருக்கவில்லை. நடுராத்திரியும் இல்லை, ஏழு மணிதான் இருக்கும். படித்துவிட்டு நம்பாமல் இருப்பவர்கள் இருக்கலாம். என் வலது உள்ளங்கையில் இன்றுவரை உணர்ச்சி இல்லை. அதற்கு அவர்கள் வேறு காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வீட்டு வேலையை எனக்கு வாங்கித் தந்தது செண்பகவல்லி அத்தை. தாராவியில் எங்கள் சந்திலேயே இருக்கிறாள். படுக்கையில் கிடக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்குப் பெண்களை அனுப்புவது அவள் தொழில்.

"உனக்கு ஏத்த எடம்ட்டி" என்றாள். "அந்தக் கெழவருக்குப் பேச்சு வராது. பக்கவாதம். நீயும் வாயத் தொறக்க மாட்ட. ரெண்டு பேரும் நல்லா ஒத்துப் போவீய."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

அந்தக் கிழவர் கேப்டன் திருவேங்கடம். எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில் மேற்கு எல்லையில் ஒரு கம்பெனிச் சிப்பாய்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அத்தையின் அப்பா சுயம்பு அவருக்குக் கீழே சிப்பாய். ஒரு கால்வாய்க்கு இந்தப் பக்கம் கம்பெனி. அந்தப் பக்கம், நாணல் காட்டுக்கு நடுவே ஒரு மேட்டில் குழி வெட்டி, ஒன்பது பேர் காவலுக்கு இருந்தார்கள். குண்டு விழுந்து போன் வயர் அறுந்துபோனது. வயர்லெஸ்ஸும் உடைந்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் உத்தரவை ஓடிப்போய் வாயால் சொல்ல ஒரு ஆளை அனுப்புவார்களாம். ரன்னர் என்று பெயர். கேப்டன் சுயம்புவை அனுப்பினார். மறுநாள் ஒன்பது பேரும் பிணமாகக் கிடைத்தார்கள். சுயம்பு கிடைக்கவே இல்லை.

விசாரணையில் கேப்டன் சொன்னார்: அவன் போய்ச் சேரவில்லை, சேர்ந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

அந்த ஒரு வார்த்தையால் சுயம்பு ஓடிப்போனவன் ஆகிவிட்டார். ஓடிப்போனவனுக்குப் பென்ஷன் இல்லை. ஓடிப்போனவன் பெண்டாட்டியைச் சாவுக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. கைக்குழந்தையோடு அவள் தாராவிக்கு வந்தாள். அந்தக் கைக்குழந்தைதான் செண்பகவல்லி அத்தை.

"செம்பூர்ல பழைய பட்டாளத்துக்காரங்க சங்கம் இருக்குல்லா, அங்க அந்த ஒம்போது பேருக்கும் கல்லு வைக்காங்க" என்றாள். "எங்கப்பா பேரையும் போடுங்கன்னு கேட்டேன். கேப்டன் சரின்னு தலைய ஆட்டுனா போடுதோம்னு சொல்லிட்டாங்க. அவரு வீட்டுக்குள்ள என்னைய விட மாட்டாரு. நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். எதுக்குத் தலைய ஆட்டுதாரு, எதுக்கு ஆட்டல, அத மட்டும் பாத்து வந்து சொல்லு."

சரி என்று தலையாட்டினேன்.

வீட்டில் கேப்டனும் அவர் மகள் ராஜலக்ஷ்மி மேடமும் மட்டும்தான். மேடத்துக்குக் கோட்டைப் பக்கம் ஆபீஸ். காலையில் எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டு மணிக்கு வருவார். கேப்டனுக்கு வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும். ஆமாம், இல்லை இரண்டுக்கும் தலையை ஆட்டுவார். நானும் அப்படித்தான். முதல் மூன்று வாரம் அந்த வீட்டில் என் குரல் கேட்டதே கிடையாது.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. பொழுது சாயும்போது கேப்டனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் வாசல் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவர் இடது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி வைத்துக்கொள்வார். யார் உள்ளே வந்தாலும் அந்தக் கைக்குக் கீழே தோளைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

"பட்டாளத்துப் பழக்கம்" என்றார் மேடம். "இருட்டில முன்னாடி போன ஆட்கள் திரும்பி வந்தா, வாசல்ல ஒருத்தர் நின்னு தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாராம். பேசப்படாது. கடைசியா வரவன் மட்டும் 'கடைசி ஆள்'னு சொல்லணும். அதுக்கப்புறம் எவன் வந்தாலும் எதிரின்னு அர்த்தம். என் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியக்கூட அப்பா எண்ணித்தான் உள்ள விட்டார்."

கேஸ் சிலிண்டர் தூக்கி வரும் தப்ரேஸ் பாய் ஒரு நாள் சிலிண்டரோடேயே குனிந்து தோளைக் கொடுத்தார். "ஹாஜிர் ஹை, கேப்டன் சாப்" என்று இந்தியில் ஆஜர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சம்பளம் குடுக்கிற சேட் கூட என்னை இவ்வளவு ஒழுங்கா எண்ண மாட்டான்" என்றார். கேப்டனின் வாய் ஒரு பக்கம் கோணியது. அது அவருடைய சிரிப்பு.

மேடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வாசல் பக்கச் சுவரில் இன்டர்காம் இருக்கிறது, வாட்ச்மேன் கூப்பிடுவதற்கு. பகலில் எடுக்கலாம். விளக்கு வைக்கிற நேரத்தில் அடித்தால் எடுக்கக் கூடாது.

"க்ராஸ் கனெக்ஷன். எலக்ட்ரீஷியன் மூணு தடவை பாத்துட்டான். அப்பா நன்னா இருந்தப்போ தினமும் அவரே எடுப்பார். கேப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். வச்சுடுவார். நீ எடுக்காதே, அடிச்சு ஓயட்டும்."

முதல் நாளே அடித்தது.

பகலில் அந்த இன்டர்காம் ஒரு பாட்டு மாதிரிச் சத்தம் போடும். அன்று சாயங்காலம் வந்தது அந்தச் சத்தம் இல்லை. யாரோ கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வருகிற மாதிரி... ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... விட்டு விட்டு. ஒரு நிமிஷம் இருக்கும். கேப்டன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. துடைத்துவிட்டேன். வேர்வை ஜில்லென்று இருந்தது.

அப்புறம் தினமும் அடித்தது. பழகிவிட்டது. ஒரு நாள் அடித்து ஓய்ந்த பிறகு அந்த இடத்தைக் கடந்தபோது நாற்றம் வந்தது. சாக்கடை நாற்றம் எனக்குத் தெரியும். இது வேறு. பச்சை நாணலை நெருப்பில் போட்டால் வருகிற மாதிரி, ஈரமும் புகையும் சேர்ந்து. இன்னொரு நாள் ரிசீவரின் பேசும் பக்கத்தில் தண்ணீர் துளித்துளியாக நின்றிருந்தது. யாரோ ரொம்ப நேரம் அதற்குள் மூச்சு விட்ட மாதிரி. துணியால் துடைத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்திலிருந்து நம்பிராஜன் ஐயா வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். யுத்தத்தில் அதே கம்பெனியில் டெலிபோன் பார்த்தவர். செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். சாயங்காலம் வந்ததால் தோளைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கேப்டனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சாப், அம்பர்நாத்துல கல்லு தயாரா இருக்கு. பேரு வெட்ட ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஒண்ணும் சேக்க முடியாதுங்கான். ஒம்போதா, பத்தா?"

கேப்டன் வாசல் பக்கம் பார்த்தார்.

"சுயம்பு போய்ச் சேந்தானா சாப்?"

கேப்டன் தலையை ஆட்டினார். இடமும் வலமும். இல்லை.

நம்பிராஜன் ஐயா எழுந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம ஒருக்கா வந்து கேக்கேன். அதோட சரி. திங்கக்கெழம வெட்டப் போறான்."

அன்று ராத்திரி செண்பகவல்லி அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள்.

"எங்கம்மா சாகும்போது கேட்டது அது ஒண்ணுதான்" என்றாள். "சரி, நீ போய்ப் படு."

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை.

காலையிலிருந்து மழை. மத்தியானம் மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஆறரைக்கு மேடம் போன் பண்ணினார்.

"கோகிலா, தாதர்ல ட்ரெய்ன் நின்னுடுத்து. ட்ராக் முழுக்க ஜலம். நான் நடந்துதான் வரணும். அப்பாவுக்குக் கஞ்சி குடுத்துடு. பயப்படாதே."

ம் என்றேன். போன் வைக்கும்போதே கரண்ட் போனது.

மெழுகுவத்தி ஏற்றினேன். கேப்டனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். கீழே தெருவில் பஸ் சத்தமே இல்லை. கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் என்று யாரோ கத்திக்கொண்டு போனார்கள். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. கஞ்சி இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். மூன்றாவதை வாங்கவில்லை.

ஆறு ஐம்பத்தைந்து.

ட்ர்ர்ர்...

கரண்ட் இல்லை. இன்டர்காமில் எப்போதும் எரியும் சிவப்புப் பொட்டு அணைந்திருந்தது. ஆனாலும் அடித்தது.

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

அன்று ஓயவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. ஐந்து நிமிஷம் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லையா என்று யோசித்தேன். சுவரில் இருந்த மாலைபோட்ட படத்தின் கண்ணாடி அந்தச் சத்தத்துக்கு அதிர்ந்தது.

எனக்குப் பயமாக இல்லை. அதை நான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது. அடிக்கிறது, எடுத்தால் நிற்கும் என்று மட்டும் தோன்றியது.

எடுத்தேன்.

முதலில் காற்று. பிறகு யாரோ மூச்சு வாங்குவது. பிறகு ஒரு ஆண் குரல். மெதுவாக, பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பது போல.

"சாப்... சாப், லைன்ல இருக்கீயளா?"

எங்கள் சந்தில் பேசுகிற பேச்சு. எங்கள் அப்பா பேசுகிற பேச்சு.

"ரன்னர் வந்துட்டான் சாப். சுயம்பு வந்துட்டான். நிக்கச் சொன்னீயன்னு சொன்னான். நின்னுக்கிட்டுதான் இருக்கோம்." கொஞ்சம் நிறுத்தியது. பல் அடிக்கும் சத்தம் கேட்டது. "ரொம்பக் குளிருது சாப். குழிக்குள்ள தண்ணி ஏறுது. ஒருத்தனுக்குக் காலு போச்சு. இன்னும் நிக்கணுமா சாப்?"

கேப்டனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இல்லை, இல்லை, இல்லை. இடது கையால் நாற்காலிக் கட்டையை ஓங்கி ஓங்கி அடித்தார்.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சுயம்பு போய்ச் சேர்ந்திருக்கிறார். இவர்தான் நிற்கச் சொல்லியிருக்கிறார். நிற்கச் சொல்லிச் சாகவிட்டுவிட்டு, பழியை ரன்னர் மேல் போட்டிருக்கிறார். இத்தனை வருஷமாகத் தினமும் கேட்கிறார்கள். இத்தனை வருஷமாக இவர் பதில் சொல்லாமல் வைத்துவிடுகிறார். இப்போதும் வேண்டாம் என்கிறார்.

"சாப்?" என்றது குரல்.

"வந்துருங்க" என்றேன்.

கேப்டன் கட்டையை அடிப்பது நின்றது.

"எல்லாருமா சாப்?"

"எல்லாரும் வந்துருங்க."

"சரி சாப்."

என்னைத்தான் சாப் என்றது.

லைன் செத்துப்போனது. ரிசீவரை வைத்தேன். கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தேடிய ஆளைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு பார்வை. வாய் திறந்திருந்தது. எச்சில் வடிந்தது. நான் துடைக்கவில்லை.

கீழே...

மாடிப்படியின் அடியில் ஒரு சத்தம்.

சதக்.

நனைந்த பூட்ஸ்.

சதக்... சதக்... ஒன்று இல்லை. பல. ஓடவில்லை. ஒருவர் பின்னால் ஒருவர், இடைவெளி விட்டு ஏறுகிறார்கள்.

முதல் மாடி.

அந்த மாடியில் ஒரு நாய் உண்டு. யார் ஏறினாலும் குரைக்கும். குரைக்கவில்லை.

இரண்டாவது மாடி.

புகை நாற்றம் கதவுக்குக் கீழே வந்தது.

கதவுக்கு வெளியே சத்தம் நின்றது. தட்டவில்லை. அழைப்பு மணி அடிக்கவில்லை. நின்றார்கள். யாரோ மூச்சைப் பிடித்து இருமலை அடக்கினார்கள்.

கேப்டன் இடது கையைத் தூக்கினார். தோள் உயரத்துக்கு நீட்டினார். கண்ணால் கதவைக் காட்டினார்.

தாழ்ப்பாளைத் திறந்தேன்.

யாரும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் படிக்கட்டு தெரிந்தது. காலியாக இருந்தது.

அவர் கை கீழே இறங்கியது.

யாரோ தோளைக் கொடுத்த மாதிரி, ஒரு அங்குலம் அமுங்கியது. பிறகு மேலே வந்தது.

மறுபடி அமுங்கியது. மேலே வந்தது.

ஒவ்வொரு முறையும் என்னைக் கடந்து குளிர் உள்ளே போனது. சதக் என்று ஒரு காலடி. தரையில் தண்ணீர். அமுங்குகிறது, எழுகிறது. ஒரு முறை ரொம்பக் கீழே போனது. நொண்டுகிற ஆள்.

கேப்டனின் உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

ஒன்பது.

நானும் எண்ணினேன். ஒன்பது.

யாரும் கடைசி ஆள் என்று சொல்லவில்லை.

கேப்டன் கையை எடுத்துவிட்டார். மடியில் வைத்துக்கொண்டார்.

வாசலில் தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

அங்கே இன்னும் ஒரு ஆள் நிற்கிறார்.

கேப்டன் கதவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். இல்லை.

சொட்... சொட்... சொட்...

மிதியடி நனைந்து நீர் வீட்டுக்குள் வந்தது. வாசற்படியைத் தாண்டவில்லை அந்த ஆள். கை நீளாமல் உள்ளே வரக் கூடாது. அது சட்டம். நின்றார். மற்ற ஒன்பது பேருக்கு ஈரம் மட்டும்தான். இவர் மேலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆற்றிலிருந்து எழுந்து வந்தவர் போல.

செண்பகவல்லி அத்தை கழுவிய தட்டையே திரும்பக் கழுவியது ஞாபகம் வந்தது.

நான் கையை நீட்டினேன்.

வலது கை. தோள் உயரம்.

எதுவும் இல்லை...

எதுவும் இல்லை...

பிறகு உள்ளங்கைக்குக் கீழே கம்பளித் துணி. ஊறிப்போனது. அதற்குக் கீழே எலும்பு. ஐஸைவிடக் குளிர்ச்சி.

காதுக்குப் பக்கத்தில்:

"கடைசி ஆள்."

மெழுகுவத்தி அணைந்தது.

கரண்ட் வந்தபோது மணி எட்டு பத்து. இடையில் ஒரு மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று தெரியாது. கையை நீட்டியபடியே கதவருகே நின்றிருந்தேன். தரை காய்ந்திருந்தது. கேப்டன் உயிரோடு இருந்தார். அவருடைய இடது கை மட்டும், நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி, ஊறிச் சுருங்கி வெள்ளையாக இருந்தது.

மேடம் ஒன்பது மணிக்கு முழங்கால் வரை சேறோடு வந்தார். "இன்னிக்கு இன்டர்காம் அடிச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அது அந்த நேரத்தில் அடிக்கவே இல்லை.

புதன்கிழமை கஞ்சிப் பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கினேன். தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம்பிராஜன் ஐயா வந்தார். செண்பகவல்லி அத்தையும் பின்னாலேயே வந்து படியில் நின்றுகொண்டாள். வாசலுக்குள் வரவில்லை. மேடம் அவளைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை.

"கடைசியா கேக்கேன் சாப். சுயம்பு போய்ச் சேந்தானா?"

கேப்டன் தலையை ஆட்டவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"போய்ச் சேந்தாரு" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "நிக்கச் சொல்லிச் சொன்னாரு. அவங்களும் நின்னாங்க."

நம்பிராஜன் ஐயாவின் முகம் மாறியது.

"நிக்கச் சொன்னாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

என் வலது கையைப் பார்த்தேன்.

"ஏ பிள்ள, அந்த உத்தரவு கேப்டனுக்கும் எனக்கும் சுயம்புக்கும் மட்டும்தான் தெரியும். பின்வாங்கச் சொன்னதாத்தான் ஊரே நெனச்சுக்கிட்டு இருக்கு. யாரு சொன்னா?"

அப்போது கேப்டன் தலையை ஆட்டினார். மேலும் கீழும். ஒரு முறை இல்லை. ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பா போய்ச் சேந்தாரா?" என்றாள் அத்தை படியிலிருந்து. "போய்ச் சேந்துட்டாராய்யா?"

கேப்டன் அவள் பக்கம் இடது கையை நீட்டினார். அத்தைக்கு அது என்னவென்று தெரியவில்லை. காலில் விழச் சொல்கிறாரோ என்று பார்த்தாள்.

"தோளைக் குடுங்கோ" என்றார் மேடம். "உள்ள வாங்கோ."

அத்தை தோளைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அன்று நான் நம்பிராஜன் ஐயாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். மேடம்தான் அனுப்பினார், அவருக்கு முழங்கால் வலி என்று. ஸ்டாப்பில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவராகவே பேசினார்.

"அது தப்பான உத்தரவு இல்ல தாயி. அத நீ தெரிஞ்சுக்கணும். விடியக்கால நம்ம டாங்கு வருது, அது வரைக்கும் குழிய விட்டு வெளிய வராதீங்கன்னுதான் சொல்லி அனுப்புனாரு. சொன்ன நேரத்துக்கு டாங்கும் வந்துச்சு. உள்ள இருந்திருந்தா அத்தன பேரும் பொழச்சிருப்பாவ."

ஒரு பஸ் வந்து போனது. அவர் பஸ் இல்லை.

"ஒம்போது பேரும் குழிக்குள்ள சாகல. வெட்டவெளியில கெடந்தாவ. ஒருத்தன் பின்னால ஒருத்தன், வரிசையா, நம்ம பக்கம் பாத்து. அந்திக் கருக்கல்ல எந்திரிச்சு வந்திருக்காவ. எதிராளி மெஷின்கன்னு போட்டுட்டான். யாரு வரச் சொன்னா? அதுதான் கேப்டனுக்குப் புரியல. ரன்னர் போயிருந்தா நின்னுருப்பாவ, நிக்கல, அப்ப ரன்னர் போகல. அதான் அவரு கணக்கு. இப்பத்தான் எனக்குத் தெரியுது, சுயம்பு அவங்களுக்குப் பின்னால கடைசியா வந்து கால்வாயில விழுந்திருக்கணும். அதான் கெடைக்கல."

என் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணு இருக்கு. ஐம்பது வருஷமா நான் யார்ட்டயும் சொல்லல. சொன்னா பைத்தியம்பாங்க. அன்னைக்கு மத்தியானமே வயரு அறுந்துபோச்சு. டெலிபோன் என் மடியில செத்துக் கெடக்கு. இருட்டப் போற நேரம்... ஒரே ஒரு தடவ அடிச்சுது. நான் எடுக்க முன்னாடி கேப்டன் எடுத்துட்டாரு. கேட்டாரு. மொகம் வெளுத்துப் போச்சு. என்ன சாப்னு கேட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார்.

"'யாரோ பொண்ணு பேசறா. தமிழ்ல, உங்க ஊர்ப் பேச்சு. எல்லாரையும் வரச் சொல்றா' அப்படின்னாரு. வாங்கி நான் காதுல வச்சேன். ஒண்ணும் இல்ல. செத்த வயரு. அதுக்கு அஞ்சு நிமிஷத்துல அந்தப் பக்கம் மெஷின்கன் சத்தம் கேட்டுச்சு."

செம்பூர் பஸ் வந்தது. கைப்பிடித்து ஏற்றிவிட்டேன். இடது கையால்.

கல் வைத்துவிட்டார்கள். நான் போகவில்லை. செண்பகவல்லி அத்தை போய் வந்தாள். வரும்போது எங்கள் வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தாள். என் தாடையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"ஊமக்கோட்டான்னு சொல்லுவீயல்லா இவள. இவ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா. அந்த ஒரு வார்த்தையாலதான் பத்துப் பேரும் இன்னைக்கி ஒரே கல்லுல இருக்காவ."

ஆமாம் என்று தலையாட்டினேன்.